26 எழுத்துகளுக்கு 27 என்ற விடை: கோப்பை வாசிக்கக் கற்பிக்காத சி மொழிக் கல்வி

இது நீண்ட பதிவு. சி மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்களும், அதை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் மாணவர்களும் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன். சினத்தோடு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அச்சினத்தில் பாதி என்மீதே உரியது என்பதையும் கீழே சொல்வேன்.

சென்ற பருவத்தின் முடிவில், நான் ஆய்வு மேற்கொண்டிருக்கும் வடபுலத்து நகரில், ஒரு பொறியியல் கல்லூரியின் செய்முறைத் தேர்வுக்கு உதவியாளனாகச் சென்றிருந்தேன். வினா எளியது: ஒரு கோப்பைத் திறந்து, அதன் உள்ளடக்கம் முழுவதையும் இயங்குநிலையில் ஒதுக்கப்பட்ட நினைவகத்தில் ஏற்றி, எத்தனை எழுத்துகள் உள்ளன என்று அச்சிடுக. கொடுக்கப்பட்ட கோப்பில் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகள் மட்டுமே இருந்தன. வரிமுறிவுக் குறிகூட இல்லை. விடைத்தாளில் அச்சிடப்பட்டிருந்த சரியான விடை: 27.

58 மாணவர்களுக்கு 27 வந்தது. ஒரு மாணவருக்கு மட்டும் 26 வந்தது. அவருக்கு 20 மதிப்பெண்ணில் 8 குறைக்கப்பட்டது. நான் தயங்கித் தயங்கி வினவியபோது தேர்வாளர் சொன்ன மறுமொழி இது: "வகுப்பு முழுவதற்கும் 27 வந்திருக்கிறது. ஒருவருக்கு மட்டும் 26 வந்தால் பிழை யாருடையது? கோப்பின் இறுதியில் இருக்கும் இஓஎஃப் எழுத்தை அவர் எண்ணத் தவறிவிட்டார்."

நண்பர்களே, கோப்பின் இறுதியில் அப்படி ஓர் எழுத்து இல்லை. 26 பைட் கொண்ட கோப்பில் 26 பைட்டே இருக்கின்றன. இஓஎஃப் என்பது வட்டில் எழுதப்பட்ட குறியன்று. "இனித் தருவதற்கு ஒன்றுமில்லை" என்று வாசிப்புச் செயற்கூறு நமக்குத் திருப்பித் தரும் எதிர்ம எண். கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னால், அச்சொல்லையும் ஒரு சரக்காகப் பையில் போட்டுக்கொண்டு வருவோமா? 58 மாணவர்கள் போட்டுக்கொண்டு வந்தார்கள். போடாமல் வந்தவர் தண்டிக்கப்பட்டார்.

இம்மயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சிபிஎம் இயங்குதளம் கோப்பின் அளவை 128 பைட் கொண்ட பதிவுகளாகவே குறித்து வைத்தது. உரை எந்த பைட்டில் முடிகிறது என்று அறிய உள்ளே ஒரு முடிவுக்குறி தேவைப்பட்டது. 26 என்ற மதிப்புடைய கன்ட்ரோல்-இசட் அப்பணியைச் செய்தது. அந்த வழக்கம் டாஸுக்கும் வந்தது. ஆனால் யூனிக்ஸ் மரபிலும் இன்றைய இயங்குதளங்களிலும் கோப்பின் நீளம் பைட் கணக்கிலேயே குறிக்கப்படுகிறது. செத்துப்போன ஓர் இயங்குதளத்தின் எச்சத்தை இன்றைய மாணவனின் மதிப்பெண் பட்டியலில் உயிரோடு வைத்திருக்கிறோம்.

இனி 27 எப்படி வந்தது என்று பார்ப்போம். ஆய்வகக் கையேட்டின் நிரல் இவ்வாறு செல்கிறது: எஃப்சீக் கொண்டு கோப்பின் இறுதிக்குச் செல், எஃப்டெல் கொண்டு நீளத்தைக் கேள், அதனினும் ஒன்று கூட்டி மாலாக் செய், தொடக்கத்துக்குத் திரும்பு, "எஃப்இஓஎஃப் உண்மையாகாத வரை" ஒவ்வோர் எழுத்தாக வாசித்து அணியில் இடு, இறுதியில் சுழியத்தை வை.

எஃப்இஓஎஃப் எதிர்காலத்தைச் சொல்லும் சோதிடமன்று. கடந்ததைச் சொல்லும் சாட்சி. கோப்பின் இறுதியைத் தாண்டி வாசிக்க முயன்று தோற்ற பின்னரே அது உண்மை என்று சொல்லும். 26ஆவது எழுத்தை வாசித்து முடித்த நிலையிலும் அது பொய் என்றே சொல்கிறது. ஆகவே சுழற்சி 27ஆவது முறையும் நுழைகிறது, வாசிப்பு தோற்கிறது, தோல்வியின் அடையாளமான எண் ஓர் எழுத்தாகச் சுருக்கப்பட்டு அணியில் அமர்கிறது. மாணவர்களின் திரையில் 26 எழுத்துகளுக்குப் பின் கேள்விக்குறி போன்றதொரு சின்னம் தெரிந்தது. அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

அத்தோடு முடியவில்லை. ஒதுக்கிய இடம் 27 பைட். சுழியத்தில் தொடங்கும் எண்ணிக்கையில் 0 முதல் 26 வரையிலான இடங்கள் நிரம்பிவிட்டன. இப்போது முடிவுச் சுழியம் 27ஆம் இடத்தில் வைக்கப்படுகிறது. அது நமக்குச் சொந்தமான இடமன்று. ஒதுக்கீட்டுக்கு வெளியே உள்ள பைட். நினைவக ஒதுக்கி பொதுவாகக் கேட்டதைவிடச் சற்று மிகுதியாகத் தருவதால் அன்று எந்த நிரலும் முறியவில்லை. எனவே எழுத்தெண்ணிக்கையும் தவறு, நினைவகக் கையாளுகையும் தவறு என்ற நிலையிலிருந்த 58 நிரல்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

தண்டிக்கப்பட்ட மாணவர் எழுதியது என்ன? வாசித்த மதிப்பை இன்ட் வகை மாறியில் பெற்று, அது இஓஎஃப் ஆகுமா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டு, ஆகாதபோது மட்டும் அணியில் இட்டார். சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சி, பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து எழுதிய நூலின் முதல் அத்தியாயத்திலேயே இம்முறை இருக்கிறது; அம்மாறி ஏன் கேர் வகையாக இருத்தலாகாது என்ற விளக்கமும் இருக்கிறது. அந்நூலின் முதற்பதிப்பு 1978இல் வந்தது. நம் பாடத்திட்டங்கள் பலவற்றின் பரிந்துரை நூல் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. பட்டியலில் மட்டும்.

இப்போது என் குற்றம். நான் மொழித்தரவில் ஆய்வு செய்பவன். ஆய்வின் முதலாண்டில் 640 தமிழ்ச் சிறுகதைக் கோப்புகளிலிருந்து சொல்லடைவு தயாரிக்க ஒரு சி நிரல் எழுதினேன். இளநிலையில் கற்ற அதே எஃப்இஓஎஃப் சுழற்சி, உள்ளே வரிவரியாக வாசிக்கும் எஃப்கெட்ஸ். இறுதி வாசிப்பு தோற்றபோது, இடையகத்தில் முந்தைய வரி அப்படியே இருந்தது. அது மீண்டும் ஒருமுறை எண்ணப்பட்டது. ஒவ்வொரு கோப்பின் இறுதி வரியும் "முற்றும்" என்ற ஒற்றைச் சொல். என் அட்டவணையில் 640 கதைகள் 1280 முறை முற்றுப்பெற்றிருந்தன. அந்த அட்டவணையை ஒரு கருத்தரங்கில் காட்டியும் விட்டேன். அவையில் யாரும் கேட்கவில்லை. ஓராண்டு கழித்து நானே கண்டபோது, அதிலிருந்து கணக்கிட்ட அத்தனை எண்களையும் மீண்டும் கணக்கிட நேர்ந்தது. அந்தச் சொல் அத்தனை வெளிப்படையாக இல்லாதிருந்தால், அப்பிழை என் ஆய்வேட்டில் இன்றும் இருந்திருக்கும். எத்தனை ஆய்வேடுகளில் இருக்கிறதோ என்ற அச்சமே இப்பதிவை எழுதத் தூண்டியது.

"எஃப்இஓஎஃப் தவறு என்பது தெரிந்ததே, நாங்கள் முழுக்கோப்பையும் ஒரே எஃப்ரீட்டில் வாசிக்கக் கற்பிக்கிறோம்" என்று சில நண்பர்கள் சொல்வர். நன்று. அந்த வாய்பாட்டையும் பார்ப்போம்: இறுதிக்குச் செல், நீளம் கேள், ஒதுக்கு, வாசி. இந்நான்கும் தோற்கக்கூடியவை. நான்கின் விடையையும் சோதிக்காமல் விடுவதே நம் வழக்கம்.

கோப்புக்கு மாறாக இன்னொரு நிரலின் வெளியீடு குழாய் வழியே வருகிறது என்று கொள்வோம். குழாயில் முன்னும் பின்னும் நகர இயலாது. எஃப்சீக் தோற்கிறது, எஃப்டெல் எதிர்ம 1 தருகிறது. அதனோடு ஒன்று கூட்டினால் சுழியம். மாலாக்கிடம் சுழிய பைட் கேட்கிறோம். அது பயன்படுத்தத்தகாத, ஆனால் நல் அல்லாத ஒரு முகவரியைத் தரலாம், "நல் இல்லையா?" என்ற சோதனையும் ஏமாந்துபோகிறது. அடுத்து எஃப்ரீட்டுக்கு அதே எதிர்ம 1ஐ அளவாகக் கொடுக்கிறோம். அளவின் வகை குறியற்றது. ஆதலால் எதிர்ம 1 அவ்வகையின் மிகப்பெரிய எண்ணாக மாறுகிறது. சுழிய பைட் இடத்தில் எல்லையற்று எழுதலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டோம். இறுதியில் முடிவுச் சுழியத்தை அணியின் எதிர்ம 1ஆம் இடத்தில், அதாவது ஒதுக்கீட்டுக்கு முந்தைய பைட்டில், எழுதுகிறோம். என்ன நிகழும்? சி மொழியின் தரம் எதையும் உறுதியளிக்கவில்லை. ஒன்றும் நிகழாமலும் போகலாம். அதுதான் கொடியது, ஏனெனில் ஒன்றும் நிகழாததையே நாம் "சரி" என்று மதிப்பிடுகிறோம்.

விண்டோஸில் கோப்பை உரைமுறையில் திறந்தால் வேறொரு சிக்கல். அங்கு வரிமுறிவு ஈரெழுத்தாக வட்டில் இருக்கும். வாசிக்கும்போது ஓரெழுத்தாகச் சுருங்கும். 1000 வரிகள் கொண்ட கோப்பில் எஃப்டெல் சொன்ன நீளத்தைவிட எஃப்ரீட் தரும் பைட்டுகள் 1000 குறையும். முடிவுச் சுழியத்தை எஃப்டெல் சொன்ன இடத்தில் வைத்தால், நடுவிலுள்ள 1000 பைட்டுகளில் இருப்பது மாலாக் தூய்மை செய்யாமல் கொடுத்த குப்பை. உரைமுறையில் எஃப்டெல்லின் மதிப்பு எழுத்துகளின் எண்ணிக்கையைக் குறிக்க வேண்டியதில்லை என்று தரமே சொல்கிறது. இருமமுறையில் இறுதியிலிருந்து நகர்தலைப் பொருளுள்ளவாறு ஆதரிக்க வேண்டிய கட்டாயமில்லை என்றும் அதே தரம் சொல்கிறது. மேலும் எஃப்டெல் தருவது லாங் வகை. 64 பிட் விண்டோஸிலும் லாங் 32 பிட் மட்டுமே. 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம் பைட்டுக்கு மேற்பட்ட நீளத்தை அது சொல்ல இயலாது. இன்றைய மொழித்தரவுக் கோப்புகள் அதை எளிதில் கடப்பவை.

இவை அனைத்தினும் அடிப்படையான குறை ஒன்று உண்டு. நீளத்தைக் கேட்ட கணமும் வாசிக்கும் கணமும் வேறு. இடையில் வேறொரு நிரல் அக்கோப்பில் எழுதலாம், அல்லது அதைக் குறைக்கலாம். எனவே நீளம் என்பது ஒரு குறிப்பு. எத்தனை பைட் வந்தன என்பதற்கு எஃப்ரீட்டின் விடையே ஆதாரம்.

முறையான வழி அரிதானதா? சொற்களால் சொல்கிறேன், வகுப்பில் நிரலாக்குங்கள். முதலில் 4096 பைட் ஒதுக்குக. எஞ்சிய இடத்தின் அளவுக்கு எஃப்ரீட் செய்க. வந்த எண்ணிக்கையை நிரம்பிய அளவோடு கூட்டுக. கேட்டதைவிடக் குறைவாக வந்தால் நின்று, எஃப்எரர் கொண்டு பிழையா முடிவா என்று கேட்க. எஃப்இஓஎஃப்புக்கும் உரிய இடம் இதுவே. இடம் நிரம்பிவிட்டால், இரட்டிப்பது அளவு வகையின் எல்லையைத் தாண்டாது என்று உறுதிசெய்துகொண்டு, ரீஅலாக் மூலம் இரட்டிக்க. ரீஅலாக்கின் விடையைப் புதிய சுட்டியில் பெறுக. பழைய சுட்டியிலேயே பெற்றால், ஒதுக்கீடு தோற்கும்போது பழைய இடம் உயிரோடிருக்க, அதன் முகவரி மட்டும் தொலைந்துபோகும். முடிவுச் சுழியத்துக்கு ஒரு பைட் எப்போதும் மிச்சம் வைக்க. அணியோடு நீளத்தையும் சேர்த்தே திருப்பித் தருக; கோப்பின் நடுவிலேயே சுழிய பைட் இருக்கலாம், ஆகவே எஸ்டிஆர்லென் நம்பத்தக்கதன்று. ஒதுக்கியதை விடுவிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைக் குறிப்பில் எழுதுக. அயலார் தரும் கோப்பானால் மேலெல்லை ஒன்றும் வைக்க. லினக்ஸின் டெவ்-சீரோ போன்றதைக் கொடுத்தால் அது முடியவே முடியாது.

"இரட்டிப்பது வீண்செலவு, 4096 ஆகக் கூட்டினால் போதாதா?" என்று கேட்கும் மாணவருக்குக் கணக்கு சொல்லுங்கள். 10,48,576 பைட் வரை இடத்தை வளர்க்க, 4096 ஆகக் கூட்டினால் 255 முறை ரீஅலாக் வேண்டும். ஒவ்வொரு முறையும் இடம் மாறினால் படியெடுக்கும் பைட்டுகள் மொத்தம் 13 கோடியே 36 லட்சத்துக்கு மேல். இரட்டித்தால் 8 முறை போதும். படியெடுப்பது 10,44,480 பைட். வழிமுறைத் திறன் பற்றிய பாடத்தில் சராசரிச் செலவு என்று கரும்பலகையில் எழுதிச் செல்கிறோமே, அது கைக்கு வரும் இடம் இது. இரண்டு பாடங்களையும் இணைக்கும் ஆசிரியர்கள் ஏன் இத்தனை அரிதாகிவிட்டனர்?

இனி வழக்கமான மறுப்புகள்.

"முதலாண்டு மாணவருக்கு இது மிகை." அவ்வாறெனில் முதலாண்டில் இவ்வினாவையே கேட்காதீர்கள். எளிமைக்காக ஒன்றைத் தள்ளிவைப்பது கற்பித்தல். எளிமைக்காகப் பொய்யைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, உண்மையை எழுதியவரைத் தண்டிப்பது கற்பித்தலன்று. மேலும், வாசித்ததைச் சோதித்த பின் பயன்படுத்து என்ற நெறி எஃப்இஓஎஃப் சுழற்சியைவிட நீளமானதுமன்று.

"லினக்ஸில் மாலாக் தோற்பதே இல்லை, சோதனை எதற்கு?" லினக்ஸ் கையிருப்பை மீறியும் வாக்களிக்கும் என்பது உண்மை. ஆயினும் பயனருக்கு நினைவக வரம்பு விதித்திருந்தால் தோற்கும். பிழையான நீளத்திலிருந்து பிறந்த மாபெரும் கோரிக்கையும் தோற்கும். சோதனை மிகத் தேவைப்படும் தருணம் அந்த இரண்டாவதுதான்.

"சி பழைய மொழி, பைத்தான் இருக்கிறது." பைத்தானில் கோப்பை முழுவதும் வாசிக்க ஒரு வரி போதும். அவ்வரிக்குப் பின்னே உழைக்கும் பொருள்விளக்கி பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸின் கருவும் அவ்வாறே. அவற்றை எழுதுவோர் வேறு நாட்டில்தான் பிறக்க வேண்டும் என்று நாம் முடிவு செய்துவிட்டோமா?

"ஒரு பைட் தவறினால் என்ன ஆகிவிடும்?" வரலாறு விடை சொல்கிறது. 1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழு பயன்படுத்திய வழிகளில் ஒன்று, எல்லையே கேளாமல் வாசிக்கும் கெட்ஸ் செயற்கூறு. 2011ஆம் ஆண்டின் தரம் அச்செயற்கூற்றை மொழியிலிருந்தே நீக்கியது. நம் ஆய்வகக் கையேடுகள் இன்னும் நீக்கவில்லை. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறைபாட்டில், அனுப்பியவர் சொன்ன நீளத்தை ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் சோதிக்காமல் நம்பியது. ஒவ்வொரு கேள்விக்கும் ஏறத்தாழ 64 கிலோபைட் வரை அண்டை நினைவகம் கசிந்தது. சொல்லப்பட்ட நீளத்தையும் உண்மையில் வந்த நீளத்தையும் ஒன்றெனக் கருதும் பழக்கம் இரண்டாமாண்டு ஆய்வகத்தில்தான் விதைக்கப்படுகிறது.

இப்பழக்கத்தின் வேர் கருவியிலும் இருக்கிறது. 1987இல் முதன்முதலாக வெளிவந்த டர்போ சியின் வழித்தோன்றலை டாஸ்பாக்ஸ் என்னும் போலி இயந்திரத்துக்குள் ஓடவிட்டு இன்றும் தேர்வு நடத்தும் கல்லூரிகளை நானறிவேன். அதில் அளவு வகை 16 பிட்; ஒரே மாலாக்கில் 65,535 பைட்டுக்கு மேல் கேட்கவே இயலாது. நம் மொழிகளின் எழுத்துக் குறியீடுகளைக் கவனியுங்கள்: யுடிஎஃப்-8இல் தமிழ், வங்காளம், ஒடியா, தேவநாகரி ஆகியவற்றின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட் வேண்டும். "தமிழ்" என்ற சொல் மூன்றெழுத்து, ஐந்து குறியீட்டுப் புள்ளி, 15 பைட். ஒரு பைட் ஓரெழுத்து என்று கற்ற மாணவர் தம் தாய்மொழியில் ஒரு கதையைக்கூட எண்ணத் தெரியாமல் பட்டம் பெறுகிறார்.

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, ஆய்வகக் கையேடுகளிலிருந்து எஃப்இஓஎஃப் சுழற்சி வரும் பருவத்துக்குள் அகற்றப்பட வேண்டும். இரண்டு, செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு நிரலையும் வெற்றுக் கோப்பு, இல்லாத கோப்பு, குழாய் உள்ளீடு ஆகிய மூன்றாலும் சோதித்த பின்னரே மதிப்பெண் இட வேண்டும். மூன்று, அட்ரஸ் சானிடைசர் இயக்கிய நிலையில் நிரலை ஓட்ட வேண்டும். அது 2013இல் வந்த ஜிசிசி 4.8 முதலே அத்தொகுப்பியில் இருக்கிறது, விலையும் இல்லை. அந்த 58 நிரல்களில் 27ஆம் இடத்தில் எழுதிய ஒவ்வொன்றையும் அது வரி எண்ணோடு காட்டிக்கொடுத்திருக்கும். நான்கு, விடைத்தாளோடு முரண்படும் மாணவருக்குத் தம் நிரலை விளக்க ஐந்து நிமிடம் அளிக்க வேண்டும். இந்நான்கில் எதற்கும் நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

அந்த மாணவரை இரண்டு வாரங்கள் கழித்து நூலகத்தில் சந்தித்தேன். மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். குறிப்பேட்டில் எஃப்இஓஎஃப் சுழற்சியை நேர்த்தியாக எழுதியிருந்தார். "இது தவறென்று உங்களுக்குத் தெரியுமே?" என்றேன். "தெரியும் சார். தேர்வுக்கு 27 வர வேண்டும்" என்றார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. தேர்வறையில் நான் தயங்காமல் பேசியிருந்தால் அவர் அந்த வரியை எழுத நேர்ந்திராது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இப்பதிவில் பிழை காண்போர் நிரலோடு வருக. ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்வேன். உடன்படுவோர் உங்கள் துறையின் ஆய்வகக் கையேட்டை இன்றே திறந்து, எஃப்இஓஎஃப் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த தேர்வுக்கு முன் அந்தப் பக்கத்தை மாற்றிவிடுங்கள்.